கொல்லைப் பாத்தியில் யாருக்குப் பக்கத்தில் யார்

வீட்டுத் தோட்டம் போட்டிருக்கிறோம் என்று தெரிந்ததும் வருகிற முதல் கேள்வி, "தக்காளிக்குப் பக்கத்தில் எதை நடலாம்?" என்பதுதான். கேட்பவர் கையில் பெரும்பாலும் ஒரு பட்டியலும் இருக்கும். இது இதற்கு நட்பு, அது அதற்குப் பகை என்று. அந்தப் பட்டியல்களில் பாதிக்கு மேல் குளிர்நாட்டுத் தோட்டங்களிலிருந்து வந்தவை. அங்கே செடிக்கு வெயில் காட்டுவதுதான் பாடு. காரைக்குடிப் பக்கம் சித்திரை, வைகாசியில் வெயிலிலிருந்து செடியைக் காப்பாற்றுவதுதான் பாடு. பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, நாலு விஷயம் பார்த்தால் போதும் என்பது எங்கள் கொல்லை எனக்குச் சொல்லிக் கொடுத்தது. எந்தச் செடி எவ்வளவு உயரம் போகும், எத்தனை நாள் மண்ணில் இருக்கும், வேர் எவ்வளவு ஆழம் இறங்கும், எந்தப் பூச்சியையும் நோயையும் யாரோடு பங்கு போட்டுக்கொள்ளும்.

எங்கள் வீடு காரைக்குடிக்குப் பக்கத்தில் பள்ளத்தூரில். பழைய வீடு, பங்காளிகளுக்குள் பிரிந்தபோது எங்கள் பங்குக்கு வந்த கொல்லை சின்னது. செம்மண். ஒரு முழம் தோண்டினால் சரளை, அதற்குக் கீழே செம்புராங்கல். ஊற்றிய தண்ணீர் நிற்காது, போட்ட எருவும் சீக்கிரம் கரைந்துவிடும். மதில் ஓரத்தில் பழைய சுண்ணாம்புக் காரை இடிந்து மண்ணோடு கலந்து கிடக்கிறது. அந்த இடத்தில் எதை நட்டாலும் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் செடியால் இரும்புச்சத்தை எடுக்க முடியாது என்பதுதான் காரணம். செட்டிநாட்டில் பழைய வீட்டுக் கொல்லை வைத்திருக்கிற பலருக்கும் இது இருக்கும். எந்த ஜோடிச் செடியும் இதைச் சரிசெய்யாது. மதிலிலிருந்து 3 அடி தள்ளிப் பாத்தி போடுங்கள், ஓரத்தில் முருங்கை வையுங்கள், அது பிழைத்துக்கொள்ளும்.

பாத்தி 4 அடி அகலத்துக்கு மேல் வேண்டாம். இரண்டு பக்கத்திலிருந்தும் கை எட்ட வேண்டும். கலந்து நடுகிற தோட்டத்தில் காலை உள்ளே வைத்தால் எதையாவது மிதித்துத்தான் ஆக வேண்டும். மண்ணைக் கொத்தி, மட்கிய தொழுவுரமும் கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கும் கலந்து, மேலே வைக்கோலோ காய்ந்த இலையோ மூடாக்காகப் போட்டால்தான் இந்த மண்ணில் ஈரம் நிற்கும். எங்கள் ஊர்ப் புறம்போக்கில் கொழுஞ்சி தானாக வளரும். பூக்கும் சமயத்தில் அறுத்து வந்து பரப்பினால் மூடாக்கும் ஆச்சு, தழைச்சத்தும் ஆச்சு.

முதலில் திசையைச் சொல்கிறேன், இதை யாரும் பேசுவதில்லை. "உயரமான செடியை வடக்கே வை, குட்டையானதை தெற்கே வை" என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். காரைக்குடி சுமார் 10 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரை பிறக்கிற சமயத்திலும் ஆவணியிலும் உச்சிவெயில் நேர் தலைக்கு மேல். இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் கொஞ்சம் வடக்கே சாய்ந்து நிற்கும். ஐப்பசி முதல் மாசி வரை அந்த வடக்கு விதி சரிவரும், கோடையில் சரிவராது. இங்கே செடியைக் கருக்குவது மேற்கு வெயில். பிற்பகல் 2 மணியிலிருந்து 5 மணி வரை வருகிற வெயில். ஆடிக்காற்றும் மேற்கும் தென்மேற்குமாகத்தான் அடிக்கும். அதனால் எங்கள் கொல்லையில் உயரமானது எல்லாம் மேற்கே. அகத்தி, துவரை, மக்காச்சோளம். அகத்தியும் துவரையும் வேரில் தழைச்சத்தைச் சேர்க்கிற வகை. அகத்தி கிளையைக் கோடையில் விட்டு வைத்து, மழைக்காலம் தொடங்கும்போது கழித்துவிடுவோம். கழித்த தழை பாத்திக்கும் ஆகும், குழம்புக்கும் ஆகும்.

அப்புறம் கத்திரிப் பாத்தி. செட்டிநாட்டுச் சமையலில் கத்திரிக்காய் இல்லாத வாரம் கிடையாது. இட்லிக்குக் கோசமல்லி வைக்க வேண்டுமே. கத்திரியை 2 அடி இடைவெளியில் நட வேண்டும். நட்ட முதல் ஒரு மாதம் அந்த இடைவெளி முழுவதும் வெறும் மண்தான். வெயில் நேரே விழும், களை முளைக்கும். அந்த இடத்தில் சின்ன வெங்காயத்தை நாலு விரற்கடைக்கு ஒன்றாக ஊன்றிவிடுவோம். வெங்காயத்தின் வேர் மேலாக நிற்கும், கத்திரி வேர் ஆழமாகப் போகும், தண்ணீருக்குப் போட்டி குறைவு. கத்திரி நட்டு 55, 60 நாளில் காய்க்கு வரும், அதன் குடை விரியும். அடுத்த ஒரு வாரம், பத்து நாளில் வெங்காயம் தாள் சாய்ந்து எடுப்புக்கு வந்துவிடும். வெங்காய வாசனைக்குப் பூச்சி வராது என்று சொல்வார்கள். எங்கள் கத்திரிக்குப் பூச்சி வரத்தான் செய்தது. ஆனால் ஒரே தண்ணீரில், ஒரே எருவில் இரண்டு விளைச்சல் எடுத்தோம், களையும் குறைந்தது. சின்னத் தோட்டத்துக்கு இதைவிடப் பெரிய லாபம் வேண்டாம்.

பாத்தியின் இரண்டு தலைப்பிலும் கொத்தமல்லி விதைப்போம். பாதியைக் கீரையாகப் பறித்துவிட்டு மீதியைப் பூக்க விட்டுவிட வேண்டும். பூவுக்காகத்தான் அதை அங்கே வைப்பதே. கொத்தமல்லி, சோம்பு மாதிரி குடைக்கொத்தாகப் பூக்கிற செடிகளின் பூ மிகச் சின்னது, தேன் ஆழத்தில் இருக்காது. நீள நாக்கு இல்லாத குட்டிக் குளவிகளும், உடம்பில் மஞ்சள் கோடு போட்டு அந்தரத்தில் அசையாமல் நின்று பறக்கும் ஈக்களும் அந்தப் பூவுக்கு வரும். அந்த ஈயின் புழு, கொழுந்தில் அப்பிச் சாறு உறிஞ்சுகிற அசுவினிப் பூச்சியைத் தின்னும். குளவிகள் கெட்ட புழுக்களின் உடம்பிலும் முட்டையிலும் தங்கள் முட்டையை இட்டு அவற்றை ஒழிக்கும். பூ இருந்தால் இவை தங்கும், இல்லாவிட்டால் பறந்துபோகும். எப்போதும் தோட்டத்தில் ஏதாவது ஒரு சின்னப் பூ இருக்கிற மாதிரி விதைப்பதைத்தான் துணைச்செடி விஷயத்தில் நான் முதலாவதாக வைப்பேன். துளசியையும் அதற்காகவே பாத்திகளுக்கு நடுவில் வைத்திருக்கிறோம், தேனீ விடாமல் வரும்.

ஆனால் கத்திரியின் பெரிய எதிரியான குருத்து, காய்த் துளைப்பானுக்குப் பூ மட்டும் போதாது. நுனிக்குருத்து திடீரென்று வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே வாடிய இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே கிள்ளி, சோப்புத் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். குப்பையில் எறிந்தால் புழு கூட்டுப்புழுவாகித் திரும்ப வந்துவிடும். தினமும் காலையில் ஐந்து நிமிடம் இதற்கென்று வைத்தால், மருந்தே அடிக்காமல் பெரும்பாலான காயைக் காப்பாற்றலாம்.

இன்னொன்று, கத்திரிக்குப் பக்கத்தில் மணத்தக்காளி வைக்காதீர்கள். வாய்ப்புண்ணுக்கு நல்லது என்று எல்லாக் கொல்லையிலும் ஒரு செடி நிற்கும், பறவை போட்ட விதையிலிருந்து தானாகவும் முளைக்கும். அது கத்திரி, தக்காளி, மிளகாய் எல்லாவற்றுக்கும் ஒரே குடும்பம். கத்திரி இலையைச் சுரண்டிச் சல்லடையாக்குகிற புள்ளி வண்டு மணத்தக்காளியில் சுகமாக இருந்து பெருகும். கத்திரி முடிந்த பிறகும் அடுத்த பட்டம் வரை அங்கேயே காத்திருக்கும். மணத்தக்காளியைக் கொல்லையின் மறு கோடிக்குக் கொண்டு போங்கள்.

வண்டைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லிவிட வேண்டும். கெட்ட புள்ளி வண்டு மங்கலான நிறம், உடம்பில் மெல்லிய ரோமம், முதுகில் 28 புள்ளி. அதன் புழு மஞ்சளாக, உடம்பெல்லாம் முள்ளாக, இலையின் அடியில் இருக்கும். நல்ல வண்டான பொறிவண்டு பளபளவென்று இருக்கும், புள்ளியோ வரியோ குறைவாக இருக்கும், அசுவினியைத் தின்னும். பொறிவண்டின் புழுவைத்தான் நம் ஆட்கள் கெட்டது என்று நசுக்கிவிடுகிறார்கள். குட்டி முதலை போல நீண்டு, கருப்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு வேகமாக ஓடும். அசுவினிக் கூட்டத்துக்கு நடுவில் அதைப் பார்த்தால் தொடாமல் வந்துவிடுங்கள், மிச்ச வேலையை அது முடித்துவிடும்.

வெண்டைக்குத் துணையாக நாங்கள் வைப்பது தட்டைப்பயறு. இந்த யோசனை வந்தது கொல்லை வேலைக்கு உதவிக்கு வருகிற அண்ணனிடமிருந்து. "ஆச்சி, கடலைக் காட்டுல வரப்போரம் ஆமணக்கு எதுக்குப் போடுறோம்? எண்ணெய்க்கு மட்டும்னா நெனைக்கிறீங்க? புழு மொதல்ல அங்கன போகும்ல" என்றார். செம்மண் காட்டில் நிலக்கடலையோடு துவரையும் உளுந்தும் ஊடு விதைப்பதும், ஓரத்தில் ஆமணக்கு போடுவதும் இந்தப் பக்கம் பழைய வழக்கம். கடலை இலையைத் தின்னும் புரோடீனியா புழுவின் தாய் அந்துப்பூச்சி ஆமணக்கு இலையைத் தேடிப் போய்க் குவியலாக முட்டையிடும். முட்டை இருக்கிற இலையைக் கிள்ளி எடுத்துவிட்டால் கடலை தப்பிக்கும். அதே கணக்குதான் தட்டைக்கும். அசுவினிக்குத் தட்டைப்பயறு ரொம்பப் பிடிக்கும். கொடியின் நுனி கருப்பாக அசுவினி அப்பிக் கிடப்பதைப் பார்த்துப் பயந்து மருந்து அடிக்கக் கூடாது. அது இரைக்கூடம். பொறிவண்டு அங்கே வந்து தின்று, முட்டையிட்டு, குடும்பத்தோடு பக்கத்து வெண்டைக்கும் போகும். மிஞ்சிப் போனால் அந்த நுனியை மட்டும் கிள்ளி எறிந்தால் போதும்.

தட்டை காய்த்து முடிந்ததும் வேரோடு பிடுங்க வேண்டாம், தரையோடு அறுத்துவிடுங்கள். வேரில் இருக்கிற முடிச்சுகள் மண்ணிலேயே மட்கி அடுத்த பயிருக்குத் தழைச்சத்து தரும். கூட நிற்கிற செடிக்கு உடனே தழைச்சத்து கிடைக்கும் என்று நினைத்து எருவைக் குறைத்துவிடாதீர்கள், பலன் பெரும்பாலும் அடுத்த பட்டத்துக்குத்தான்.

வெண்டையின் தொல்லை மஞ்சள் நரம்புத் தேமல். வெள்ளை ஈ பரப்புகிற வைரஸ் நோய். வந்துவிட்டால் மருந்து கிடையாது, பிடுங்கி எரிப்பதுதான். வெள்ளை ஈ சின்னது, காற்றோடு மிதந்து வரும். அதனால் காற்று வருகிற மேற்குப் பக்கம் மக்காச்சோளத்தை இரண்டு வரிசை நெருக்கமாக விதைத்துவிட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்து வெண்டை ஊன்றுவோம். வெண்டை இலை விரிகிற சமயத்தில் சோளம் வேலியாக நிற்கும். கூடவே இரண்டு மஞ்சள் ஒட்டும் அட்டை. முழுக்கத் தடுக்காது, ஆனால் நோய் வருகிற நாள் தள்ளிப்போகும். தள்ளிப்போனால் அதற்குள் வெண்டைக்காய் மண்டிக் குழம்பு வேண்டிய மட்டும் வைத்துவிடலாம்.

வெண்டையைச் செம்பருத்திக்குப் பக்கத்தில் நடாதீர்கள். இரண்டும் ஒரே குடும்பம். பூஜைக்கென்று செம்பருத்தி இல்லாத வீடு கிடையாது, அதன் கொழுந்தில் மாவுப்பூச்சி எப்போதும் இருக்கும், எறும்பு அதைத் தூக்கி வந்து வெண்டைக்கும் கத்திரிக்கும் குடியேற்றும். எறும்பு வரிசை செடியில் ஏறுவதைப் பார்த்தால் அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். 2008-க்குப் பிறகு தமிழ்நாட்டில் பப்பாளி மாவுப்பூச்சி பரவியபோது பப்பாளி மட்டுமா போனது, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி, கத்திரி எல்லாவற்றிலும் வெள்ளையாக அப்பிக் கிடந்தது. கடைசியில் 2010-இல் வெளிநாட்டிலிருந்து தருவித்து விட்ட ஒரு குட்டிக் குளவிதான் அதை அடக்கியது. பூவுக்கும் குளவிக்கும் நான் இத்தனை இடம் கொடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

செண்டுமல்லியைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள், அதிகம் தவறாகவும் புரிந்துகொள்கிறார்கள். பாத்தி ஓரத்தில் நாலு செடி வைத்தால் எல்லாப் பூச்சியும் ஓடிவிடும் என்பது நடக்காது. அது செய்கிற வேலை இரண்டு. ஒன்று, தக்காளிக் காய்ப்புழுவின் அந்துப்பூச்சி தக்காளியை விட்டுச் செண்டுமல்லிப் பூவில் முட்டையிடும். அதற்குத் தக்காளி பூக்கும்போது செண்டுமல்லியும் பூத்திருக்க வேண்டும். தக்காளி நாற்று 25 நாள் என்றால் செண்டுமல்லி நாற்று 40, 45 நாள் ஆனதாக இருக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டையும் விதைத்து ஒரே நாளில் நட்டால் இந்தப் பலன் கிடைக்காது. நெட்டையாக வளர்கிற ஆப்பிரிக்க வகைதான் இதற்கு ஏற்றது. புழு தின்ற பூவைப் பறித்து அப்புறப்படுத்துவதும் நம் வேலை.

இரண்டாவது, மண்ணில் இருந்து வேரைத் தாக்குகிற நூற்புழுவை அடக்குவது. செம்மண், மணல் கலந்த மண்ணில் வேர்முடிச்சு நூற்புழு அதிகம். செடி தண்ணீர் ஊற்றியும் மத்தியானத்தில் வாடும், வளராது, காய் சிறுக்கும். பிடுங்கிப் பார்த்தால் வேரே வீங்கி உருண்டை உருண்டையாக இருக்கும். பயறு வேரில் இருக்கிற நல்ல முடிச்சோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நல்ல முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், நகத்தால் தேய்த்தால் உதிர்ந்துவிடும், நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. நூற்புழு வீக்கம் வேரின் சதையிலேயே இருக்கும், உதிராது. செண்டுமல்லி வேரில் நூற்புழுவைக் கொல்கிற பொருள் உண்டு, ஆனால் அந்த வேர் போகிற இடத்தில்தான் வேலை செய்யும். அதனால் நூற்புழு பிடித்த பாத்தியில் காய்கறியை நிறுத்திவிட்டு, முழுப் பாத்தியிலும் செண்டுமல்லியை நெருக்கமாக நட்டு இரண்டு மாதம் விட வேண்டும். பூவைச் சாமிக்கு எடுத்துக்கொண்டு செடியை அங்கேயே நறுக்கிப் புதைத்துவிடலாம். அடுத்து வருகிற கத்திரியின் வளர்த்தி கண்ணுக்கே தெரியும்.

கோடையில் எங்களைக் காப்பாற்றுவது பந்தல். சவுக்குக் கம்பு நட்டு, கம்பி இழுத்து, ஆறரை அடி உயரத்தில் புடலையும் பாகலும் பீர்க்கும் ஏற்றியிருக்கிறோம். கிழக்குப் பக்கத்தைத் திறந்து விட்டிருக்கிறோம், காலை வெயில் உள்ளே வந்துவிடும். அடியில் சிறுகீரை, கொத்தமல்லி, புதினா. பங்குனி வெயிலில் திறந்த பாத்தியில் கொத்தமல்லி விதைத்தால் நாலு இலை விட்டதும் பூத்துவிடும், பந்தல் அடியில் கட்டு கட்டாகப் பறிக்கலாம். சிறுகீரை 25 நாளில் எடுப்புக்கு வரும், பந்தல் இலை அடைத்துக்கொள்வதற்குள் இரண்டு முறை எடுத்துவிடலாம். மேலே கொடி இருந்தால் மயிலும் கீழே இறங்கத் தயங்கும். திறந்த பாத்தியில் கீரை நாற்றை மயில் விட்டு வைப்பதில்லை.

பந்தலில் பூ பூக்கும் நேரத்தையும் கவனிக்க வேண்டும். பாகல் காலையில் விரியும், தேனீ பார்த்துக்கொள்ளும். பீர்க்கும் புடலையும் சாயங்காலத்துக்கு மேல் விரியும், அந்துப்பூச்சிதான் மகரந்தம் சேர்க்கும். பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துகொண்டே இருந்தால், மாலையில் ஓர் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டுவிடுங்கள். வேப்பெண்ணெய் தெளிப்பதானால் லிட்டருக்கு 5 மி.லி., கொஞ்சம் சோப்புக் கரைசல், இலைக்கு அடியில் மட்டும், பூவில் படாமல்.

இதெல்லாம் ஆடி முதல் புரட்டாசி வரைக்கும், பிறகு தை முதல் சித்திரை வரைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கதை வேறு. எங்களுக்கு மழையின் பெரும்பங்கு அப்போதுதான், விட்டு விட்டு ஒரு வாரம் கொட்டும். நெருக்கமாகக் கலந்து நட்ட பாத்தியில் காற்று புகாது, இலை காயாது, பூசணம் பிடித்துவிடும். அந்தப் பட்டத்துக்கு இடைவெளியை ஒன்றரை மடங்காக்குங்கள், பாத்தியை ஒரு சாண் உயர்த்துங்கள், மூடாக்கைத் தண்டிலிருந்து விலக்கி வையுங்கள், தரையைத் தொடுகிற இலைகளைக் கழித்துவிடுங்கள். கூட்டாளி என்று எதையும் அப்போது திணிக்க வேண்டாம். ஆடியில் ஊன்றிய அவரைக் கொடி மட்டும் வேலியில் படர்ந்துகொண்டிருக்கும். நாட்டு அவரை பகல் குறைந்த பிறகுதான் பூவெடுக்கும், மார்கழி, தையில் காய்க்கும். அதற்குள் அசுவினி வந்தால் தட்டைக்குச் சொன்னதுதான்.

தை பிறந்ததும் பாத்திகளை மாற்றிவிடுவோம். கத்திரி நின்ற இடத்துக்குத் தட்டையும் கீரையும், தட்டை நின்ற இடத்துக்குத் தக்காளி, வெண்டை நின்ற இடத்துக்கு வெங்காயம். கத்திரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஒரே மண்ணில் வரக் கூடாது. வாடல் நோய்க் கிருமி மண்ணிலேயே தங்கி, மூன்றையும் பிடிக்கும். சந்தேகமாக இருந்தால் வாடிய செடியின் தண்டை நறுக்கிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிடுங்கள். வெட்டிய இடத்திலிருந்து பால் நூலாக இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அந்தப் பாத்தியில் இந்த மூன்றையும் இரண்டு மூன்று வருடத்துக்கு நினைக்காமல், கீரையும் வெங்காயமும் மக்காச்சோளமும் போட்டு எடுங்கள்.